52 வயதில் ஸ்மார்ட் போர்டு

கேள்வி: அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். ஸ்மார்ட் போர்டுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். வகுப்பில் வந்து நின்றால் எல்லாம் மறந்துபோகிறது. 52 வயதில் இதெல்லாம் வருமா?
- ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: வயதை விடுங்கள் டீச்சர். ஒருவர் முன்னால் நின்று பட்டன்களைக் காட்டிக்கொண்டே போக, நீங்கள் நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் 25 வயதுக்காரருக்கும் மறுநாள் மறந்துதான் போகும். கை பழகவில்லையே!

நாளை நடத்தப்போகும் ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுங்கள். 2018-ல் வரத் தொடங்கிய புதுப் பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறதல்லவா, அதை திக்‌ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் ஸ்கேன் செய்து, வரும் வீடியோவை முதல்நாள் இரவே வீட்டில் பார்த்து, போனில் இறக்கியும் வைத்துவிடுங்கள் (பள்ளி நெட்டை நம்பாதீர்கள்). வகுப்பில் அதை போர்டில் இரண்டு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். முழுசாகப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் அது டிவி பார்ப்பதுதான், பாடமில்லை.

அப்புறம், எங்கேயாவது மாட்டிக்கொண்டால் கடைசி பெஞ்சுப் பையனைக் கூப்பிடுங்கள். ஓடி வருவான்.