அலகைப் பார்த்தால் ஆள் தெரியும்

கேள்வி: வாத்துக்கும் அன்னத்துக்கும் என்றே இங்கிலாந்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதாமே? அங்கே என்னதான் செய்கிறார்கள்?
- வாசகி, மன்னார்குடி

பதில்: இருக்கிறது. செவர்ன் ஆற்று முகத்துவாரத்தில், ஸ்லிம்பிரிட்ஜ் என்ற ஊரில். 1946-ல் தொடங்கியவர் பீட்டர் ஸ்காட். தென் துருவம் போய்த் திரும்பாத கேப்டன் ஸ்காட்டின் மகன். ‘பையனுக்கு இயற்கையில் ஈடுபாடு வரப் பார்’ என்று அப்பா கடைசிக் கடிதத்தில் மனைவிக்கு எழுதியிருந்தார். பையன் இளவயதில் வாத்துகளைச் சுட்டுத் தள்ளினான் என்பது வேறு விஷயம். அப்புறம்தான் மனம் மாறினார்.

ஹவாய்த் தீவுகளின் நேனே வாத்து 1950 வாக்கில் முப்பது சொச்சம்தான் மிச்சம். அதில் ஒரு ஜோடியை ஸ்லிம்பிரிட்ஜுக்கு வரவழைத்தார்கள். பார்த்தால், இரண்டுமே முட்டையிட்டன! இரண்டும் பெட்டை. ஜோடி சேர்க்க ஓர் ஆண் விமானமேறி வரவேண்டியதாயிற்று. அதன்பின் குஞ்சுகள் பெருகி, 1962-ல் இங்கே பிறந்தவை ஹவாய்க்கே திரும்பிப் போயின.

எனக்குப் பிடித்தது அன்னங்களின் கதை. ரஷ்யாவின் வடகோடியிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் பியூயிக் அன்னங்களின் அலகில் மஞ்சளும் கறுப்பும் கலந்திருக்கும். நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. ஸ்காட் 1964-லிருந்து ஒவ்வொன்றின் அலகையும் வரைந்து, பெயர் வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார். அந்த வேலை அவருக்குப் பின்னும் நிற்கவில்லை. ஒரு ஜனவரி மாலை, விளக்கொளியில் தீனி போடும் நேரத்தில் நானும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். அரை மணி நேரம் முயன்றும் இரண்டைக்கூடப் பிரித்தறிய முடியவில்லை. அங்கே வேலை செய்பவர்களோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்!

வளையம் மாட்டுவது, எடை பார்ப்பது எல்லாம் உண்டு. எக்ஸ்ரேயும் எடுக்கிறார்கள். சுடத் தடை இருந்தும், பல அன்னங்களின் உடம்புக்குள் ஈயக் குண்டுகள்.

சரி, வம்பும் கேளுங்கள். இந்த அன்னங்கள் ஒருமுறை ஜோடி சேர்ந்தால் சேர்ந்ததுதான். நாற்பது வருடங்களுக்கு மேல், சுமார் 4,000 ஜோடிகளைப் பார்த்ததில் பிரிந்தவை இரண்டே. இரண்டாவது, 2010-ல் தெரியவந்தது. சரிந்தியும் சருனியும் ஆளுக்கொரு புதுத் துணையோடு வந்து இறங்கின. குஞ்சு பொரிக்காததுதான் காரணமோ என்று நிலையத்தார் யோசித்தார்கள். ஒரே குளத்தில் இருந்தும், ஒன்றை ஒன்று கண்டுகொள்ளவே இல்லையாம்.