அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணி மேல் பிரிவுக்குப் போவது ஏன் கடினம்?

தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரிகளின் முதல் டிவிஷனுக்குள்ளேயே இரண்டு அடுக்குகள் உண்டு: மேலே எஃப்பிஎஸ், கீழே எஃப்சிஎஸ்.

சிக்கல் பெரும்பாலும் பணம்தான். நீண்ட காலம் கீழ் அடுக்கில் ஓர் அணிக்கு 63 முழு உதவித்தொகைதான் உச்சவரம்பு, மேலே 85. பயிற்சியாளர் சம்பளம், பயணம் எல்லாம் கூடும். மேலே ஏற 5,000 டாலராக இருந்த விண்ணப்பக் கட்டணத்தை 2023-இல் 50 லட்சம் டாலராக்கினார்கள். (வராதே என்று சொல்லும் நாகரிகமான வழி!) சிற்றூரில் நன்றாக ஓடும் மெஸ், நகரத்தின் பெரிய சாலைக்குக் கடை மாற்றுவது போல: முன்பணமும் ஆள்கூலியும் முதலில் போகும், கூட்டம் பிறகுதான் வரும்.

முழுத் தகுதி பெற இரண்டு ஆண்டு காத்திருப்பு வேறு. ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் 2022-இல் மேலே வந்து, அந்த ஆண்டே 8 வென்று 3 தோற்றது. ஆனாலும் இந்தக் காத்திருப்பு விதிப்படி பருவ இறுதியின் 'பௌல்' ஆட்டம் கிடைக்கவில்லை. ஐடஹோ பல்கலைக்கழகமோ 2018-இல் கீழ் அடுக்குக்கே திரும்பிவிட்டது.

ஐரோப்பிய லீக்குகள்போல, கோப்பை வென்றால் தானாக மேலே ஏறலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே மேல் அடுக்கின் அணிக்கூட்டமைப்பு ஒன்று அழைத்தால்தான் கதவு திறக்கும்.