ஒப்படைக்குப் புள்ளி எப்படிப் போடுகிறோம்? கேட்டவர்களுக்குப் பதில்

ஹட்டனில் 12 வாரத்தில் பைத்தன் என்ற புரோகிராம் மொழியில் ஆரம்பித்து வெப்சைட் கட்டுவது வரை ஓட்டமாக ஓடிவிடும் ஒரு பாடநெறியில் மாணவர்கள் செய்து அனுப்பும் ஒப்படைகளைத் திருத்துகிறேன். முதல் ஒப்படையின் பெறுபேறு போட்ட அன்றிலிருந்து போன் ஓயவில்லை. வந்த கேள்விகளில் எல்லோருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில். எங்கள் பங்கீடு இதுதான்: இயந்திரச் சோதனைக்கு 60, நான் புரோகிராமின் கோட் வரிகளை வாசித்துப் போடுவது 25, வாய்மொழி விளக்கத்துக்கு 15.

தலவாக்கலை மாணவி: அண்ணா, நீங்கள் தந்த மூன்று உதாரணத்துக்கும் எனக்குச் சரியான விடை வந்தது. அப்புறம் ஏன் 60க்கு 48?

தங்கச்சி, உதாரணம் மூன்று, சோதனை பத்து. மீதி ஏழையும் நாங்கள் காட்டுவதில்லை. ஒன்றுக்கு 6 புள்ளி, உங்களுக்கு இரண்டு போயிருக்கிறது.

ஒப்படை என்னவென்று மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஆள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுவையில் போட்ட கிலோக் கணக்கு ஒரு பட்டியலாக வரும். 18 கிலோவோ அதற்கு மேலோ எடுத்தவருக்கு ‘பேர்’ (முழு நாள் சம்பளம்), குறைந்தால் ‘அரைப் பேர்’ (அரை நாள் சம்பளம்), கடைசியில் அன்றைய சராசரி. (18 நாங்கள் பாடத்துக்காக வைத்த எண். தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், அதை வைத்து என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.)

நீங்கள் >= (சமம் அல்லது மேல்) போட வேண்டிய இடத்தில் > (மேல் மட்டும்) போட்டிருந்தீர்கள். 17க்கும் 20க்கும் விடை சரி. ஆனால் சரியாக 18 கிலோ கொண்டுவந்த அம்மாவுக்கு உங்கள் கோட் அரைப் பேர் போட்டுவிட்டது! நிறுவையில் கணக்கப்பிள்ளை இப்படிச் செய்தால் சும்மா விடுவோமா? இரண்டாவது, ஒருவருமே வேலைக்கு வராத நாள். பட்டியல் வெறுமை, ஆட்களின் எண்ணிக்கை பூச்சியம், பூச்சியத்தால் வகுக்கப் போய் புரோகிராம் நடுவில் விழுந்துவிட்டது.

அனுப்பும் முன் நீங்களே போட்டுப் பாருங்கள்: எல்லை எண், அதற்குச் சற்றுக் கீழே, சற்று மேலே, வெறும் பட்டியல், 17.5 போன்ற தசமம். இந்தத் தசமத்தில்தான் வகுப்பில் பாதிப் பேர் விழுந்தார்கள். ‘17.5’ என்ற எழுத்தை நேரே முழு எண்ணாக மாற்றச் சொன்னால் பைத்தன் பிழை காட்டி நின்றுவிடும்.

சோதனைகளை ஏன் மறைக்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு தம்பி மூன்று உதாரணத்துக்கும் மூன்று ‘இஃப்’ (‘இந்த எண் வந்தால் இந்த விடை’ என்ற கட்டளை) போட்டு, விடையை அப்படியே அச்சடித்து அனுப்பியிருந்தார். பத்தையும் காட்டியிருந்தால் பத்து ‘இஃப்’ வந்திருக்கும்.

பண்டாரவளை மாணவர்: என் லெப்டொப்பில் நன்றாக ஓடுகிறது. உங்கள் பக்கம் பூச்சியம் வருகிறது. இயந்திரத்தில்தான் பிழை!

நானும் முதலில் அப்படித்தான் நினைத்துத் திறந்து பார்த்தேன், தம்பி. தரவு கேட்கும் இடத்தில் ‘தயவுசெய்து கிலோவைத் தரவும்’ என்று ஒரு வரி வைத்திருக்கிறீர்கள். மனிதருக்கு அது மரியாதை. இயந்திரமோ உங்கள் வெளியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது, அந்த வரியும் விடையோடு சேர்ந்து போய்விடுகிறது. அதை எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள், 54 வரும் என்று நினைக்கிறேன். இன்னொருவருக்குக் கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருந்தது. விண்டோஸ் அதைப் பொறுத்துக்கொள்ளும், எங்கள் லினக்ஸ் சேர்வர் பொறுக்காது.

மஸ்கெலியா மாணவி: மேல் டிவிஷனில் சிக்னல் இல்லை. பிந்தினால் புள்ளி வெட்டுவீர்களா?

நாளுக்கு 5 வெட்டு உண்டு. ஆனால் கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’டில் கொமிட் (பதிவு) செய்ய இணையம் வேண்டியதில்லை, அது உங்கள் மெஷினிலேயே பதிவாகும். வீட்டில் வேலை செய்யச் செய்ய கொமிட் போடுங்கள், கடைப்பக்கம் வரும்போது மொத்தமாக ஏற்றிவிடுங்கள். ஏற்றிய நேரம்தான் கணக்கு, ஏனென்றால் கொமிட்டில் விழும் நேரம் உங்கள் மெஷின் கடிகாரத்தைப் பார்த்தது, அதை யாரும் மாற்றலாம். மழையில் லைன் அறுந்து கரண்ட் போனால் அன்றே ஒரு மெசேஜ் போடுங்கள். அதற்கு இதுவரை நான் வெட்டியதில்லை.

நானுஓயா மாணவர்: நண்பனின் கோடில் பெயர்களை மாற்றினால் தெரியுமா?

தெரியும். 1994இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ‘மோஸ்’ என்ற மென்பொருள் கோடின் கட்டமைப்பை ஒப்பிடுகிறது. மாறியின் பெயரையோ வரி இடைவெளியையோ மாற்றினால் அது ஏமாறாது. அது எச்சரித்தாலும் முடிவு எங்கள் கையில்தான். இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, ஒரு வரியைக் காட்டி, ‘இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?’ என்று கேட்பேன். எழுதியவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லிவிடுவார். ஏஐயிடம் வாங்கிய கோடுக்கும் இதே கேள்விதான். இரண்டு பேருக்கு ஒரே லெப்டொப் என்றால் முன்னாடியே சொல்லுங்கள், சோடியாகப் பதிந்துவிடலாம்.

கொட்டகலை தந்தை: மகன் ஓ/எல்லில் (சாதாரண தரப் பரீட்சையில்) ஒன்பது ஏ. இங்கே 62தான். அவனுக்கு இது சரிவராதா?

ஐயா, ஓ/எல்லில் 75உம் அதற்கு மேலும் என்றால் ஏ என்று பழகிவிட்டோம், அந்தக் கண்ணால் இதைப் பார்க்க வேண்டாம். அங்கே ஒருமுறை எழுதினால் முடிந்தது. இங்கே திருத்தி மறுபடி அனுப்பலாம், கூடிய புள்ளிதான் நிற்கும். முதல் ஒப்படைக்கு 62 ஒன்றும் மோசமில்லை. இதைவிடக் கடுமையான இடங்களும் உண்டு. 2013இல் பாரிஸில் தொடங்கிய ‘42’ பள்ளியின் நுழைவுப் பயிற்சியில் ஒரு கணக்குப் பிழையாகிவிட்டால் அதற்குப் பின்னால் உள்ளவற்றைத் திருத்தவே மாட்டார்கள். ஹார்வர்டின் சிஎஸ்50 இணையப் பாடநெறியில் சான்றிதழ் எடுக்க ஒவ்வொரு ஒப்படையிலும் 70 சதவீதம் வேண்டும். உங்கள் மகனிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: திருத்தி அனுப்பினானா?

பதுளை மாணவி: அந்த 25ஐ எதைப் பார்த்துப் போடுகிறீர்கள்?

பெயர், பிரிப்பு, திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். ‘அ’, ‘ஆ1’, ‘ஆ2’ என்று மாறிகளுக்குப் பெயர் வைத்தால் இரண்டாம் பக்கத்தில் எனக்கே தலை சுற்றுகிறது. தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைத்தன் 3 ஏற்றுக்கொள்ளும். ‘கிலோ’, ‘எல்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார், வாசிக்க அவ்வளவு சுகம். ஆனால் பிறகு கம்பெனியில் வேலைக்குப் போனால் ஆங்கிலத்தில்தான் வைக்கச் சொல்வார்கள், அதற்கும் கை பழகட்டும்.

பொகவந்தலாவை மாணவர்: வாய்மொழி விளக்கம் ஸூமில் என்றால், லயத்தில் பக்கத்து வீட்டு டிவி சத்தம் கேட்குமே?

கேட்கட்டும் தம்பி. போன தடவை ஒருவருக்குப் பின்னால் சேவல் கூவியது, 15க்கு 14 எடுத்தார்.