இல்லாத கையில் விழுந்த அடி எங்கே போகும்?

கேள்வி: மதுரை திருப்பாலையில் நண்பர்கள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேட்டில்டெக் ஆடுகிறோம்; மெக் என்னும் ராட்சத இயந்திர மனிதர்களை மேசையில் பகடை போட்டு மோதவிடுகிற ஆட்டம். போன வாரம் என் 50 டன் ஹன்ச்பேக் மெக்கின் வலது கை முழுசாகப் போய்விட்டது. அடுத்த சுற்றில் எதிரியின் இரண்டு மீடியம் லேசருக்கும் பகடை வலது கையையே காட்டியது. கைதான் இல்லையே, அடி வீண் என்றேன். உடம்புக்குப் போகும் என்றான் நண்பன். போனாலும் கவசத்துக்கா, நேரே உள்ளேயா என்று இன்னொரு சண்டை. கடைசியில் இடது பக்கத்துக் குண்டுப் பெட்டி வெடித்தது. பெட்டியில் இரண்டு ரவுண்டு பாக்கி. இடது பக்க உள்கூட்டில் 9 புள்ளி மீதி இருந்தது. மிஞ்சிய அடியை நடு உடம்பின் 26 புள்ளிக் கவசத்தில் கழித்தோம், மெக் பிழைத்துக்கொண்டது. இதெல்லாம் சரியா? எப்படி ஆட வேண்டும்?

பதில்: முதல் சண்டையில் உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. கடைசிக் கணக்கில் நீங்கள் எல்லோருமே தவறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெயர்களை முதலில் ஒத்துக்கொள்வோம். மெக்கின் கணக்குத் தாளில் ரைட் டோர்சோ, லெஃப்ட் டோர்சோ என்று இருப்பவற்றை இங்கே வலது விலா, இடது விலா என்கிறேன். சென்டர் டோர்சோ நடு உடம்பு. ஒவ்வொரு பாகத்துக்கும் வெளியே கவசம், உள்ளே உள்கூடு. விலா இரண்டுக்கும் நடு உடம்புக்கும் மட்டும் முதுகுக் கவசம் தனியாக உண்டு. இடம், வலம் எல்லாம் மெக்கின் இடம், வலம். எதிரே உட்கார்ந்து பார்ப்பவருடையது அல்ல. இதில் குழம்பி நல்ல கையை அடித்துவிட்டு, இரண்டு சுற்று கழித்துக் கண்டுபிடிப்பது எல்லா மேசையிலும் நடக்கிற கூத்து.

அடி போகும் வழியை விளக்க மதுரைக்காரருக்கு மாசி வீதி போதும். மாசி வீதியைக் கடந்தால் ஆவணி மூல வீதி, அப்புறம் சித்திரை வீதி, அதற்குப் பிறகு கோயில். வெளிப்புறத்து வீதி ஒன்று இடிந்து கிடந்தால் வருகிறவன் திரும்பிப் போவதில்லை. அடுத்த வீதிதான் அவனுக்கு முதல் வீதி. மெக்கிலும் அதேதான். கை போனால் அதே பக்கத்து விலா. கால் போனாலும் அதே பக்கத்து விலா. விலா போனால் நடு உடம்பு. நடு உடம்பின் உள்கூடு தீர்ந்தால் மெக் முடிந்தது. தலையிலிருந்து அடி எங்கும் போகாது. தலை போனாலே ஆட்டம் முடிந்துவிடும். இந்த வழி உங்கள் மெக் தாளிலேயே சின்னப் படமாக அம்புக்குறிகளோடு அச்சாகியிருக்கும், கிரிட்டிகல் பட்டியலுக்கு (உள்கூட்டில் அடிபட்டால் பழுதாகக்கூடிய பொருள்களின் பட்டியல்) பக்கத்தில். பெரும்பாலானோர் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

ஆக, இல்லாத கையில் விழுந்த மீடியம் லேசர் இரண்டும் ஒவ்வொன்றும் 5 புள்ளியாக வலது விலாவுக்குப் போகும். அங்கே கவசம் இருந்தால் முதலில் கவசம்தான் கழியும். உங்களுடையது ஹன்ச்பேக்கின் ஹெச்.பி.கே-4ஜி மாடல் என்றால் வலது விலாவின் முன்கவசம் 20. இரண்டு லேசருக்குப் பின் 10. உள்கூட்டுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, கிரிட்டிகல் பகடையும் கிடையாது. ‘கை போய்விட்டதே, அந்த ஓட்டை வழியாக நேரே உள்ளே’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கை போகிற அந்த அடியிலேயே மிச்சம் இருந்தால்? அதுவும் வீண் இல்லை. கையின் கவசத்தில் 2, உள்கூட்டில் 8 இருக்கும்போது ஆட்டோகேனன்/20 என்கிற 20 புள்ளிப் பெரிய துப்பாக்கியின் அடி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 போய், 8 போய், கை தரையில். மிச்சம் 10 வலது விலாவின் கவசத்துக்கு.

பின்னாலிருந்து வரும் அடியில்தான் ஆட்கள் நிஜமாகவே ஏமாறுகிறார்கள். பின்புறத் தாக்குதலில் இல்லாத கைக்கு விழுந்த அடி விலாவின் முன்கவசத்துக்குப் போகாது, முதுகுக் கவசத்துக்குப் போகும். இந்த ஹன்ச்பேக்கின் விலா முதுகில் வெறும் 4 புள்ளி. அதே 20 புள்ளி அடி இப்போது என்ன செய்யும்? முதுகுக் கவசம் 4, உள்கூடு 12, மிச்சம் 4 நடு உடம்பின் முதுகுக் கவசத்துக்கு. அங்கே இருப்பதே 5, இனி 1. ஒரே குண்டில் வலது விலாவும், அதில் இருக்கிற உங்கள் பெரிய துப்பாக்கியும் காலி. முன்னால் வாங்கியிருந்தால் விலாவின் 20 புள்ளிக் கவசத்தோடு அந்தக் குண்டு தீர்ந்திருக்கும்.

விலா போனால் அதே பக்கத்துக் கையும் கூடவே விழும், அது புத்தம் புதிதாக இருந்தாலும். கால் மட்டும் விழாது. வலது விலா போனவுடன் வலது காலையும் தாளில் அடித்துவிடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. வேண்டாம், அது தனியாக நிற்கும். பிறகு அந்தக் காலும் போனால், காலில் விழும் அடி இல்லாத விலாவைத் தாண்டி நேரே நடு உடம்புக்குப் போகும். விழுந்த கையை எடுத்து எதிரியைக் கட்டையால் அடிப்பது போல அடிக்கலாம் என்று விதியில் இருக்கிறது. கேலிக்கூத்துதான், ஆனால் ஆட்டத்தின் அழகே இது மாதிரி இடங்களில்தான்.

நேரக் கணக்கிலும் கவனம் தேவை. ஒரு சுற்றின் சுடும் கட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் சுடுவதாகக் கணக்கு. எதிரி முதலில் பகடை போட்டு உங்கள் கையை வீழ்த்திவிட்டாலும், அந்தக் கையிலிருந்த லேசரை அதே கட்டத்தில் நீங்கள் சுடலாம். இழப்பு அமலுக்கு வருவது கட்டம் முடிந்த பிறகுதான். ஆனால் அடி நகர்வது அப்படிக் காத்திருக்காது. அதே கட்டத்தில் முதல் அடி கையைத் தீர்த்துவிட்டால், அடுத்து ‘வலது கை’ என்று விழும் அடி உடனே விலாவுக்குப் போகும். அடுத்து வரும் கைகலப்புக் கட்டத்தில் அந்தக் கையால் குத்த முடியாது. ஏவுகணைகளுக்கு ஒவ்வொரு கொத்தாகத் தனிப் பகடை: எல்.ஆர்.எம். (நெடுந்தூர ஏவுகணை) ஐந்து ஐந்தாக, எஸ்.ஆர்.எம். (குறுந்தூர ஏவுகணை) ஒவ்வொன்றும் 2 புள்ளியாக. எந்தக் கொத்து எந்தப் பாகத்தைத் தீர்த்தது என்பதால் அடுத்த கொத்தின் கதி மாறும். எல்லாவற்றையும் மொத்தமாகக் கூட்டிக் கழித்தால் விடை தப்பாகத்தான் வரும்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயம். கை போனதால் உங்களுக்கு என்ன நட்டம்? லேசர் ஒன்று போனது, அவ்வளவுதான் என்று தோன்றும். பகடையைப் பாருங்கள். இரண்டு பகடைக்கு 36 வாய்ப்பு. முன்னாலிருந்து சுட்டால் கூட்டுத்தொகை 3, 4 வலது கை, 36-இல் 5. வலது விலா 6, அதுவும் 5. கை இருந்தவரை விலாவுக்கு 36-இல் 5 அடிதான். கை போனபின் 10. இரண்டு மடங்கு. வலப்பக்கத்திலிருந்து சுட்டால் இன்னும் மோசம்: கைக்கு 7, விலாவுக்கு 7, சேர்ந்து 14; ஐந்து அடியில் கிட்டத்தட்ட இரண்டு. இடப்பக்கத்திலிருந்து சுட்டால் வலது விலாவுக்கு 4, வலது கைக்கு 3, மொத்தம் 7 மட்டுமே.

விலாவும் போய்விட்டால் எல்லாமே நடு உடம்புக்குத்தான். முன்னாலிருந்து 36-இல் 17. வலப்பக்கத்திலிருந்து 19, அதாவது பாதிக்கு மேல். இடப்பக்கத்திலிருந்து 12. ஆகவே மேசையில் விதி ஒன்றுதான்: செத்த பக்கத்தை எதிரிக்குக் காட்டாதீர்கள். நகரும் கட்டத்தின் கடைசி ஓர் அறுகோணத் திருப்பத்தை இதற்காகவே மிச்சம் வையுங்கள். எதிரி நகர்ந்தபின் நகரும் வாய்ப்பு கிடைத்த சுற்றில் அடிபட்ட மெக்கைக் கடைசியாக நகர்த்துங்கள். நீங்கள் அடிக்கிற ஆளாக இருந்தால் இதையே திருப்பிப் போடுங்கள்: கை இல்லாத பக்கமாகச் சுற்றி வாருங்கள், முடிந்தால் முதுகுக்கு.

கால் போவது வேறு வகைத் துன்பம். மெக் விழும். 50 டன் மெக் சமதரையில் விழுந்தாலே 5 புள்ளி அடி. எழுந்து நிற்க ஓட்டுநர் பகடையில் 5 கூடுதல் சுமை, நின்றாலும் நகர்வு 1. ஒற்றைக் காலில் நிறுத்திக் காட்டுவேன் என்று மூன்று சுற்று மல்லுக்கட்டுவதைவிட, விழுந்த இடத்திலிருந்தே சுடுவது பல நேரம் லாபம்.

உள்கூட்டில் அடி பட்டால் கிரிட்டிகல் பகடை. 7 வரை ஒன்றுமில்லை. 8, 9-க்கு அந்தப் பாகத்தில் இருக்கிற ஒரு பொருள் பழுது. 10, 11-க்கு இரண்டு. 12 என்றால் விலாவிலும் நடு உடம்பிலும் மூன்று பொருள், கை, கால், தலையில் அந்தப் பாகமே பிய்ந்து போகும். பெட்டி வெடிப்பது இங்கேதான்.

உங்கள் கடைசிக் கணக்குக்கு வருவோம். நகர்ந்து போகும் அடி முதலில் அடுத்த பாகத்தின் கவசத்தைத் தின்னும் என்றேன். குண்டு வெடிப்பு அப்படி அல்ல. வெடிப்பு உள்ளே நடக்கிறது. வெளிக் கவசம் அதைத் தடுக்க முடியாது. உள்கூட்டிலிருந்து அடுத்த உள்கூட்டுக்கு நேரே போகும். ஆட்டோகேனன்/20-க்கு டன்னுக்கு 5 ரவுண்டு, ரவுண்டுக்கு 20 புள்ளி. உங்களிடம் 2 ரவுண்டு பாக்கி, ஆக 40. இடது விலாவின் உள்கூட்டில் இருந்த 9 கழிந்தது. மிச்சம் 31 நடு உடம்பின் 26 புள்ளிக் கவசத்தைத் தொடாமல் 16 புள்ளி உள்கூட்டில் இறங்கும். ஹன்ச்பேக் அந்த இடத்திலேயே செத்தது. கவசத்தில் கழித்ததால் உள்கூட்டில் 5 மட்டும் போய் 11 மீதி என்று நீங்கள் ஆடியிருக்கிறீர்கள். அதற்குப் பின் அந்த மெக் செய்த எதுவும் செல்லாது.

ஒரே ஒரு ரவுண்டு மிச்சம் இருந்திருந்தால் தப்பியிருக்கும்: 20-இல் 9 போக 11, நடு உள்கூட்டில் 5 மிஞ்சும். ஆனால் உள்கூடு அடிபட்டதால் அங்கேயும் கிரிட்டிகல் பகடை போட வேண்டும், எஞ்சினும், மெக்கை நிமிர்த்தி நிறுத்துகிற கைரோவும் அங்கேதான் இருக்கின்றன. ஓட்டுநருக்கும் வெடிப்பில் 2 காயம். 6 ஆனால் ஆள் இல்லை. முழுப் பெட்டி வெடிப்பதைவிடக் காலிப் பெட்டி மேல். ஆகவே இடது விலாவின் கவசம் மெலியத் தொடங்கினால் பெரிய துப்பாக்கியை மிச்சம் பிடிக்காதீர்கள், தூரம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சுட்டுத் தள்ளுங்கள். மெஷின்கன் இன்னும் பயங்கரம்: டன்னுக்கு 200 ரவுண்டு, ரவுண்டுக்கு 2 புள்ளி, முழுப் பெட்டி வெடித்தால் 400.

இதற்கு மருந்து கேஸ் என்கிற அரை டன் பெட்டித் தடுப்பு. கிரிட்டிகல் பட்டியலில் ஒரு இடம் பிடிக்கும். விலாவில் அது இருந்தால் வெடிப்பு முதுகு வழியாக வெளியே போய்விடும். விலாவும் கையும் போகும், நடு உடம்பு பிழைக்கும். 4ஜி மாடலில் அது கிடையாது. ஆட்டத்தின் கதையில் கிளான், இன்னர் ஸ்ஃபியர் என்று இரண்டு தரப்பு; கிளான் மெக்குகளில் எடையில்லாமல் உள்ளேயே இருக்கும். ஆனால் இன்னர் ஸ்ஃபியர் எக்ஸ்.எல். எஞ்சின் (எடை குறைந்த, இடம் அதிகம் பிடிக்கிற வகை) போட்ட மெக்கில் கேஸ் இருந்தும் பிழைக்க வழியில்லை. அந்த எஞ்சின் ஒவ்வொரு விலாவிலும் 3 இடம் பிடிக்கிறது. விலா போனால் எஞ்சினுக்கு ஒரே நேரத்தில் 3 அடி. 3 அடி பட்டால் எஞ்சின் நின்றுவிடும். கிளான் எக்ஸ்.எல். விலாவுக்கு 2 இடம்தான் பிடிப்பதால் சுற்றுக்கு 10 புள்ளி கூடுதல் சூட்டோடு ஓடும்.

கணினியில் ஆடுகிறவர்களும் உங்கள் கூட்டத்தில் இருப்பார்கள், அவர்கள் விதியைக் கலப்பார்கள். 2018-இல் வந்த பேட்டில்டெக் கணினி ஆட்டத்தில் எண்கள் ஐந்து மடங்கு: மீடியம் லேசர் 25, ஆட்டோகேனன்/20 100. அங்கே இரண்டு காலும் போனால் மெக் அவுட். மேசையில் அப்படி இல்லை. மெக்வாரியர் ஆன்லைன் என்ற இன்னொரு கணினி ஆட்டத்தில் இல்லாத பாகம் வழியாகப் போகும் அடி குறைந்தே உள்ளே சேரும். அதனால் அங்கே ஆடுகிறவர்கள் செத்த பக்கத்தையே கேடயமாகத் திருப்பிக் காட்டுவார்கள். அந்தப் பழக்கத்தோடு மேசைக்கு வருகிறவர் மேலே சொன்ன 36-இல் 19 கணக்கில் மாட்டுவார். ஆர்மர்டு கோர் 6 என்ற வேறொரு ரோபோ ஆட்டத்தில் பாகம் பிய்வதே இல்லை, மொத்தத்துக்கும் ஒரே உயிர்க் கணக்கு. அதை வைத்து எந்த வாதமும் செய்ய வேண்டாம்.

தாளை ஏ4-இல் எடுத்து செராக்ஸ் கடையில் லேமினேட் செய்துகொள்ளுங்கள். கவசத்துக்கு நீலம், உள்கூட்டுக்குச் சிவப்பு என்று அழிகிற மார்க்கர் இரண்டு. ஒரு பாகம் தீர்ந்ததும் அதன் மேல் குறுக்குக் கோடு போட்டு, அடுத்த பாகத்துக்கு ஓர் அம்பு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை ‘வலது கை’ என்று பகடை விழுந்தால் யாரும் விதிப்புத்தகம் புரட்ட வேண்டியிருக்காது, விரல் அம்பின் மேல் போனால் போதும்.