ஃபோம் வாங்குவதற்கு முன் அறையை மாற்றிப் பாருங்கள்

வீட்டில் குரல் பதிவு செய்யும்போது எதிரொலி வருகிறது என்று சொல்லியிருந்தீர்கள். டைல்ஸ் போட்ட ஹாலில் கண்டென்சர் மைக்கை (மெல்லிய ஒலியையும் நுட்பமாகப் பிடிக்கும் மைக்) இரண்டடி தள்ளி வைத்துப் பேசினால் எதிரொலி வரத்தான் செய்யும், அதற்காக மைக்கை மாற்ற வேண்டாம். சுவரெல்லாம் ஃபோம் ஒட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். மெல்லிய ஃபோம் உச்ச ஸ்தாயியை மட்டும்தான் உறிஞ்சும், குரலின் அடிப்பகுதி அப்படியே முழங்கிக்கொண்டிருக்கும், தெருவில் அடிக்கும் ஹார்னையும் அது தடுக்காது. எதிரொலிக்குச் சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

படுக்கையறைக்கு மாறுங்கள். மெத்தையும் துணி நிறைந்த அலமாரியும் இருக்கும் அறைதான் நமக்கு ஸ்டுடியோ. அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசுங்கள், ஏனென்றால் கார்டியாய்டு வகை மைக் தன் முன்னால் இருப்பதைத்தான், அதாவது உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருப்பதையும்தான், அதிகம் பிடிக்கும்.

அப்புறம் தூரம், இதுதான் முக்கியம். தூரம் பாதியானால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் கூடும்; இரண்டடியிலிருந்து அரை அடிக்கு வந்தால் 12. அந்த அளவுக்கு கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்தால் குரல் பழைய அளவிலேயே இருக்கும், எதிரொலி மட்டும் இறங்கிவிடும். 'ப', 'ப்ப' வரும் இடத்தில் காற்று மோதாமல் இருக்க மைக்கைக் கொஞ்சம் வாயோரமாகச் சாய்த்து வையுங்கள்.

ஃபேனைக் கட்டாயம் நிறுத்துங்கள். பேசத் தொடங்கும் முன் பத்து விநாடி சும்மா இருந்து அறையின் இரைச்சலை மட்டும் பதிவு செய்யுங்கள், ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் அதையே மாதிரியாகக் கொடுத்து மிச்ச இரைச்சலைக் குறைத்துவிடலாம்.