வாசகர் கேள்வி – பதில்: பழைய கிராமபோனைப் பழுதுபார்க்கலாமா?

கேள்வி: என் தாத்தா வாங்கிய ஹெச்.எம்.வி. மேசை கிராமபோன், சாவி கொடுத்த பிறகு உள்ளே 'டொக் டொக்' என்று இடிக்கிறது. பாட்டின் நடுவில் வேகமும் குறைகிறது. ஸ்பிரிங்கை மாற்றி, பெட்டியை இழைத்துப் புதிதாக வார்னிஷ் அடித்துத் தருவதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் இடி, பெரும்பாலும் ஸ்பிரிங் கெட்டதால் வருவதன்று; ஸ்பிரிங்கை அடக்கிய உருளைக்குள் இட்ட கிரீஸ் பல்லாண்டுகளில் காய்ந்து பிசினாகி, ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிறகு சட்டென்று விடுபடுவதால் எழுவது. ஸ்பிரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிராஃபைட் கலந்த கிரீஸ் இட்டாலே பல இயந்திரங்கள் பழையபடி ஓடுகின்றன. துருநீக்கும் ஸ்பிரேயைப் பீய்ச்சுவது சில நாள்களுக்கு மட்டுமே பலன் தரும். பழைய கிரீஸ் கரைந்தோடிவிட, உலோகம் உலோகத்தோடு உரசத் தொடங்கும்.

ஆனால் இந்த வேலையை நீங்களே வீட்டில் செய்ய வேண்டாம். சாவி முழுவதும் இறங்கிய பின்னும் உருளைக்குள் ஸ்பிரிங் இறுகியே இருக்கும். கை நழுவினால் அந்த எஃகுப் பட்டை விரலைக் கிழித்துவிடும். சாவி ஏறியிருக்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றுவது இன்னும் ஆபத்து: தடையற்ற பற்சக்கரங்கள் வெறிவேகத்தில் சுழன்று பல் உடைந்துபோகும். எனவே மெக்கானிக்கிடம் முதலில் இதைப் பற்றிக் கேளுங்கள். சாவியை முழுவதும் இறக்கிய பிறகே திறப்பேன் என்று அவராகச் சொன்னால் நம்பலாம்.

ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸில் கரகரப்பு இருந்தால், அதனுள் அதிரும் மெல்லிய தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் இறுகியிருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும், பசை வைத்து ஒட்டக் கூடாது. துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள் வயதானால் உப்பி வெடிப்பவை. இறுகிய திருகை வலிந்து திருப்பினால் உடையும், சாதாரண வெல்டிங்கில் உருகிவிடும்.

பெட்டியை இழைக்கவே விடாதீர்கள். அக்காலப் பெட்டிகள் பலவற்றின் மேற்பூச்சு, சாராயத்தில் கரைத்த அரக்கால் ஆனது. ஸ்பிரிட்டும் தின்னரும் பட்டாலே கரைந்துவிடும். கிராமபோன் முன் நாய் அமர்ந்திருக்கும் அந்தச் சின்னம் மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட மெல்லிய படம். உப்புத்தாள் ஒருமுறை உராய்ந்தாலும் போய்விடும், அசலைத் திரும்பப் பெற வழியில்லை. மென்மையான துணியால் தூசியைத் துடைத்து, மறைவான ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பின் சிறிது தேன்மெழுகு பூசினால் போதும்.