தாத்தாவின் பழைய சவரக்கத்திகளைக் காட்சிக்கு வைக்க, பாதுகாப்பான மரத் தாங்கியை வீட்டிலேயே செய்வது எப்படி?

உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். கத்தியை விரித்து மட்டும் மாட்டாதீர்கள். அலகில் பொறித்த எழுத்து தெரியவேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

எங்கள் தாத்தா ஊரில் முடிதிருத்தியவர். அவர் அடைப்பத்திலிருந்து, அதாவது தொழில் கருவிப் பையிலிருந்து, ஐந்து கத்திகள் எனக்கு வந்தன. மூன்று ஜெர்மனியின் சோலிங்கன், ஒன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஒன்றில் முத்திரை தேய்ந்துவிட்டது. முதலில் ஒரு பலகையில் ஆணி அடித்து, விரித்தே வைத்தேன். தூசி தட்டும்போது ஒன்று நழுவியது. விழும் கத்தியைப் பிடிக்கக் கூடாது என்று தாத்தா சொல்லிச் சொல்லி வளர்த்தும், கை தானாகப் போய்விட்டது. உள்ளங்கையில் நாலு தையல்.

அப்புறம் செய்ததுதான் இப்போது இருப்பது. இடித்த வீட்டின் பழைய தேக்கு ஜன்னல் சட்டம். கீழ்ப்பலகையில் 2 செ.மீ. ஆழத்துக்குக் குழி, மேல்பலகையில் முன்பக்கம் வெட்டிய பள்ளம். ஒவ்வொரு கத்தியின் பிடியையும் தனித்தனியாக அளந்து, 2 மி.மீ. கூடுதலாக வெட்டினேன். கத்திக்குக் கத்தி 4 செ.மீ. இடைவெளி, விரல் நுழையவேண்டுமே. மடக்கிய கத்தி, அலகையும் பிடியையும் சேர்க்கும் ஆணி மேலே இருக்கும்படி நிற்கும். கத்தியின் முதுகு பின்பலகைப் பக்கம் இருக்கட்டும். அலகு திறக்கப் பார்த்தாலும் பலகை தடுத்துவிடும். தாங்கியையே கொஞ்சம் பின்னால் சாய்த்து, முன்னால் ஒரு குறுக்குச் சட்டமும் போட்டிருக்கிறேன். அதைக் கழற்றாமல் எதையும் எடுக்க முடியாது. மரத்தோடு மரத்தைக் கோக்காமல் ஸ்க்ரூ போட்டிருக்கிறானே என்று தச்சு தெரிந்தவர்கள் சொல்லலாம். சொல்லட்டும், இரண்டு வருடமாக அசையவில்லை.

முன்னறையில் மாட்டியபோது ஒரு உறவினர், "இதைப்போய் இங்கயா மாட்டுவாங்க?" என்று கேட்டார். எங்கள் ஆள்தான். அந்தக் கத்தி படாமல் ஊரில் ஒரு குழந்தைக்கும் முதல் மொட்டை நடந்ததில்லை. ஆனாலும் தாத்தா கொல்லைப்புறமாகத்தான் போகவேண்டும். எங்கள் தொழிலின் பெயரை இன்றும் வசவாகச் சொல்கிறார்கள், படித்தவர்களும்தான். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பீர்கள். முன்னறையில் மாட்டியதற்குக் காரணமே அதுதான்.

சரி, துரு. இவை கார்பன் எஃகு, ஸ்டெயின்லெஸ் இல்லை. ஓக் மரமும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் வேண்டாம், இரண்டிலிருந்தும் அமில ஆவி வரும். குழிக்குள் வெல்வெட் ஒட்டாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலும் அப்படித்தான், அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் வேறு. வார்னிஷ் அடித்தால் வாசனை முழுக்கப் போகும்வரை, சில வாரமானாலும், கத்தியை வைக்காதீர்கள். கண்ணாடிக் கதவு போட்டால் மேலும் கீழும் காற்று போக இடம் விடுங்கள். மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு, முதுகிலிருந்து கூர்ப் பக்கமாகத் துடையுங்கள். கூரின் நீளவாக்கில் துடைத்தால் துணியோடு விரலும் போகும்.

வெள்ளைப் பிடிக் கத்தி இருந்தால் தந்தம் என்று நம்பிவிடாதீர்கள். என்னுடைய ஷெஃபீல்டு கத்தியின் வெள்ளைப் பிடி செல்லுலாய்டு, பழைய வகை பிளாஸ்டிக். பழசானால் அது சிதைந்து அமில வாயு விடும், பக்கத்துக் கத்திகளும் துருப்பிடிக்கும், எளிதில் தீயும் பிடிக்கும். அந்த ஷெஃபீல்டு மட்டும் தனியாக, காற்றாட, அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.